எம்ஜிபி: பிரேக் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை என்றால்

அமெரிக்காவுக்கென வந்த 1972 மாடல் எம்ஜிபியில் (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) பிரேக் எச்சரிக்கை விளக்கு அணைய மறுக்கிறது, ஒயரை வெட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெட்டாதீர்கள் நண்பரே, முதலில் கழற்றிப் பாருங்கள்.

மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) பக்கத்தில், பிரேக் குழாய்கள் சேரும் பித்தளைக் கட்டையில் சின்ன பிளாஸ்டிக் சுவிட்ச் இருக்கும். அதன் கனெக்டரை உருவுங்கள். விளக்கு அணையவில்லையா, ஒயர் எங்கோ உரசி பாடியில் எர்த் ஆகிறதா என்று பாருங்கள். அணைந்துவிட்டால் சுவிட்சையே திருகிக் கழற்றுங்கள், பிளாஸ்டிக், மெதுவாக. உள்ளே ஈரமாக பிரேக் ஆயில் இருந்தால் கட்டைக்குள் இருக்கும் சீல் போய்விட்டது. அப்போது வேலை ஒயரில் இல்லை, பிரேக்கில். காய்ந்திருந்தாலும் பெடலும் ஆயில் மட்டமும் சரியா என்று பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

எல்லாம் சரி, சுவிட்ச்தான் கெட்டது என்றால், புதிது வரும்வரை கழற்றிய ஒயர் முனைகளைத் தனித்தனியே டேப் சுற்றிக் கட்டி வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு.

அப்புறம், ஆள் மாறி பழுப்பு-மஞ்சள் ஒயரைப் பிடுங்கிவிடாதீர்கள். அது பேட்டரி சார்ஜ் ஆகிறதா என்று காட்டும் சார்ஜ் விளக்குக்கானது. அந்த விளக்கு வழியாகத்தான் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்குத் தொடக்க மின்சாரம் போகிறது.