மூச்சு சீக்கிரம் திரும்பிவிடும், கால் திரும்ப நாளாகும்

கேள்வி: என் குதிரைக்கு 14 வயது. காயடித்த ஆண். எனக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்ததால் 8 மாதமாக அதன்மேல் ஏறவே இல்லை. லாயமும் மேய்ச்சலுமாக இருந்து கொழுத்துவிட்டது. விலா எலும்பு கைக்கு அகப்படவில்லை. ஒரு சுற்று ட்ராட் (துள்ளுநடை, மிதமான ஓட்டம்) விட்டாலே மூச்சு வாங்குகிறது. தீனியைப் பாதியாக்கி, தினமும் நீளக் கயிற்றில் பிடித்து அரை மணி நேரம் வட்டமாக ஓடவிட்டால் ஒரே மாதத்தில் பழையபடி ஆகிவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள்.

முதலில் தீனி. குதிரையின் இரைப்பையில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும், அது தின்றாலும் தின்னாவிட்டாலும். வயிறு மணிக்கணக்கில் காலியாகக் கிடந்தால் புண் வரும். கொழுத்த குதிரையைத் திடீரென்று பட்டினி போட்டால் இன்னும் மோசம். உடம்பிலுள்ள கொழுப்பு ஒரேயடியாக ரத்தத்தில் கலந்து கல்லீரலைப் பாதிக்கும். குட்டை ரகங்களில் உயிருக்கே ஆபத்து. ஆகவே தானியத்தைத்தான் நிறுத்த வேண்டும், புல்லை அல்ல. காய்ந்த புல்லை உடல் எடையில் 1.5 சதவீதம் என்று எடை போட்டுக் கொடுங்கள். 400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 6 கிலோ. அதை நாலைந்து வேளையாகப் பிரித்து, சிறு கண்ணி வலைப்பையில் போட்டுத் தொங்கவிட்டால் மெதுவாகத் தின்னும். மருத்துவர் சொல்லாமல் இந்த அளவுக்குக் கீழே போக வேண்டாம். உப்பும் தாது உப்புக் கலவையும் தினமும் தேவை. எடைமேடை இல்லையென்றால் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து அதே எண்ணால் பெருக்குங்கள். தோள்முனையிலிருந்து பிட்டத்து முனை வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு வந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அளந்து எழுதிவையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது.

வேலையைத் தொடங்குமுன் கால்நடை மருத்துவரை அழையுங்கள். பல், இதயம், முக்கியமாகக் குளம்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்தின் மேல்விளிம்பில் கெட்டியாகக் கொழுப்பு திரண்டிருக்கிறதா? குளம்பு சூடாக இருக்கிறதா? குளம்புக்கு மேலே மூட்டின் பின்பக்கம் விரல் வைத்தால் துடிப்பு பலமாகத் தெரிகிறதா? முன்னங்கால்களை முன்னால் நீட்டி, பாரத்தைப் பின்னங்கால்களில் போட்டு நிற்கிறதா? இவை குளம்பழற்சியின், அதாவது குளம்புக்குள்ளே திசு அழன்று வலிக்கும் நோயின் அறிகுறிகள். கொழுத்த குதிரைக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம். வந்திருந்தால் ஓட்டம் இருக்கட்டும், நடத்தவே கூடாது. முதலில் வைத்தியம்.

இனி அந்த வட்ட ஓட்டம். சின்ன வட்டத்தில் ஓடும்போது உடம்பு உள்பக்கம் சாய்கிறது. மூட்டிலும், தசையை எலும்போடு கட்டும் தசைநாணிலும் பாரம் ஒரு பக்கமாக விழுகிறது. கூடுதல் எடையைத் தூக்கிக்கொண்டு, 8 மாதம் சும்மா இருந்த காலால் அரை மணி நேரம் அப்படி ஓடுவது கொடுமை.

முதல் மாதம் முழுக்க நடை மட்டும்தான். கெட்டியான சமதரையில், நேர்கோட்டில். தொடக்கத்தில் 15, 20 நிமிடம் கையில் பிடித்து நடத்துங்கள், அல்லது உங்கள் முதுகு தேறும்வரை வேறொருவர் நடத்தட்டும். சோம்பலாக இல்லாமல், பின்னங்கால் முன்னங்காலின் தடத்தைத் தொடுகிற மாதிரி சுறுசுறுப்பான நடை. மாத முடிவில் முக்கால் மணி, ஒரு மணி நேரம் வரை ஏற்றலாம். இரண்டாம் மாதம் நடைக்கு நடுவே ஓரிரு நிமிட ட்ராட். மூன்றாம் மாதம் லேசான ஏற்றங்களில் நடை, கொஞ்சமாகக் கேன்டர் (ட்ராட்டைவிட வேகமான ஓட்டம்). ஒரே வாரத்தில் நேரத்தையும் வேகத்தையும் சேர்த்து ஏற்றாதீர்கள், ஏதாவது ஒன்றைத்தான். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு.

நாடி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை வைத்து மெதுவாக உருட்டினால், கயிறு போல ஒரு ரத்தக்குழாய் நழுவும். அதை எலும்போடு லேசாக அழுத்தி 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். வேலை முடிந்து 10 நிமிடத்தில் 60-க்கு அருகில் இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லையென்றால் அன்றைய வேலை அதிகம். மறுநாள் குறையுங்கள்.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும், தசையும் பின்னாலேயே வந்துவிடும். தசைநாணும் எலும்பும் அப்படி வராது. அவை பழைய பலத்துக்கு வர அரை வருடம், சில சமயம் ஒரு வருடம்கூட ஆகும். ஆறாவது, எட்டாவது வாரத்தில் உங்கள் குதிரை கடிவாளத்தை இழுக்கும், "விடு, ஓடுகிறேன்" என்று துள்ளும். மூச்சும் வாங்காது. நல்ல குதிரைகளின் கால் போவதை நான் பார்த்தது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். குதிரைக்கு ஆசை இருக்கும், கால் தயாராக இருக்காது. பொறுக்க வேண்டியது நீங்கள்தான்.

தினமும் காலையில், வேலைக்கு முன்னால், முன்னங்கால் முட்டிக்குக் கீழே பின்பக்கமாக உள்ளங்கையை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். அவசரம் வேண்டாம். தசைநாண் கம்பி இழுத்த மாதிரி நேராக, குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் சற்றே சூடு, சற்றே புடைப்பு, அழுத்தினால் கால் இழுப்பு என்று எது தெரிந்தாலும் அன்றைக்குச் சவாரி இல்லை. இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வாரத்தில் உங்கள் கைக்கே வித்தியாசம் பிடிபட்டுவிடும்.

கேள்வி: எலும்பும் தோலுமாக இருந்த ஒரு பெண் குதிரையை வாங்கியிருக்கிறேன். சீக்கிரம் தேற தானியம் நிறையப் போடலாமா?

பதில்: வேண்டாம். வெகுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று மாவுச்சத்து இறங்கினால் ரத்தத்திலுள்ள பாஸ்பரஸ் போன்ற தாதுக்கள் சரிந்து, சில நாட்களிலேயே இதயம் நின்றுபோகக்கூடும். மருத்துவர் கண்காணிப்பில் முதல் மூன்று நாள் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை அரை கிலோ காய்ந்த குதிரை மசால் (லூசர்ன் என்ற தீவனப் பயிர்) கொடுங்கள். பிறகு 10 நாளில் படிப்படியாக முழு அளவுக்கு வரலாம். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். ஹென்னெக் என்பவர் 1983-ல் வகுத்த 1 (எலும்பும் தோலும்) முதல் 9 (மிகக் கொழுப்பு) வரையிலான உடல்நிலை மதிப்பெண்ணில் உங்கள் குதிரை ஒன்றிலோ இரண்டிலோ இருக்கும். நாலைத் தொடும்வரை ஏற வேண்டாம். அதற்கு மாதக்கணக்கில் ஆகும், ஆகட்டும்.

கேள்வி: பயிற்சி தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. நன்றாகப் பொருந்திய சேணம் இப்போது ஆடுகிறது. அடியில் துணி மடித்து வைக்கலாமா?

பதில்: கொழுப்பு கரைந்து தசை ஏறும்போது முதுகின் வடிவமே மாறிவிடும், சேணம் ஆடுவது அதனால்தான். துணி மடிப்பு ஓரிடத்தில் குத்தும். சவாரி முடிந்து சேணத்தை எடுத்ததும் வியர்வைத் தடத்தைப் பாருங்கள். நடுவில் திட்டாகக் காய்ந்திருந்தால் பெரும்பாலும் அங்கே அழுத்துகிறது என்று அர்த்தம். சேணம் செய்பவரிடம் காட்டி உள்திணிப்பைச் சரிசெய்யுங்கள். அதுவரை சேணம் இல்லாமல் கையில் பிடித்து நடத்துங்கள்.