கனடாவில் மகனின் விமான விபத்து: அறிக்கை வரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: கிளிநொச்சியிலிருந்து ஒரு தந்தை எழுதுகிறேன். இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயலை ஈடு வைத்து, மகனை ஒன்ராறியோவில் விமானம் ஓட்டப் படிக்க அனுப்பினேன். டவர் (கட்டுப்பாட்டுக் கோபுரம்) இல்லாத ஒரு சிறிய விமான நிலையத்தில் அவன் தனியாகத் தரையிறங்க வந்தபோது, பின்னால் மேலேயிருந்து இறங்கிய தனியார் விமானம் அவனுடைய சிறிய செஸ்னா விமானத்தில் மோதியது. இரண்டு விமானிகளும் இறந்துவிட்டார்கள். 16 மாதம் ஆகிறது. பறப்புப் பாடசாலைக்காரர் ஒரு ஆறுதல் வார்த்தைகூடச் சொல்லவில்லை. டவர் இல்லாத இடத்தில் பிள்ளையைப் பறக்கவிட்டது குற்றமில்லையா? விசாரணை அறிக்கை வந்தபின் வழக்குப் போடலாம், தனக்கு அற்றோணித் தத்துவம் (என் சார்பில் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) அனுப்பு என்கிறார் ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சான். என் மகனில் பிழையில்லை என்று நிரூபிக்க வேண்டும்.

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் சட்டத்துக்குத் தேவையான விஷயம் அந்த 16 மாதம்தான். ஒன்ராறியோவில் இறந்தவர் சார்பிலோ, இறந்தவருக்கு எதிராகவோ போடும் வழக்குக்கு, இறந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான் அவகாசம். உங்கள் விஷயத்தில் இரண்டு பக்கமும் மரணம். விவரம் பிறகுதான் தெரியவந்தது என்ற சாட்டு அங்கே எடுபடாது. அறிக்கை வரவில்லை என்ற சாட்டும் அப்படித்தான்.

அந்த அறிக்கையை நம்பி இருந்தவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். அதை எழுதும் கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை யாரிலும் பிழை சுமத்துவதில்லை. அதன் முடிவு வழக்கின் தரப்பினரைக் கட்டுப்படுத்தாது, விசாரணையாளரின் அபிப்பிராயம் சாட்சியமாக ஏற்கப்படாது. சபை வகுத்திருக்கும் மூன்றாம் வகை விசாரணை என்றால் இலக்கே 450 நாட்கள், அதற்கு மேலும் இழுபடலாம்.

டவர் இல்லாதது குற்றமில்லை. அங்குள்ள பெரும்பாலான விமான நிலையங்களில் டவர் கிடையாது. விமானிகள் பொதுவான ஒரு ரேடியோ அலைவரிசையில் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டு, கண்ணாலும் பார்த்து விலக வேண்டும். பாடசாலைக்காரரின் மரியாதைக் குறைவுக்கும் நட்டஈடு இல்லை.

சரி, மகன் பக்கம் நியாயம் உண்டா? உண்டு. இருவரும் தரையிறங்க வரும்போது, மேலே இருப்பவர்தான் கீழே இருப்பவருக்கு வழிவிட வேண்டும். ஆனால் கீழே இருப்பவர் குறுக்கே வெட்டி நுழையவும் கூடாது. இறக்கை கீழே பொருத்திய விமானம் மேலே வந்திருந்தால், அதன் விமானிக்குத் தன் இறக்கைக்குக் கீழே இருப்பது தெரியாது. உங்கள் மகனின் செஸ்னாவுக்கு இறக்கை மேலே என்றால், அவருக்கும் தலைக்கு மேல் வருவது தெரிந்திராது. நல்ல பகல் வெளிச்சத்திலேயே இப்படி நடக்கிறது. அதனால் நீதிமன்றம் பிழையைப் பங்கு பிரிக்கத்தான் பார்க்கும். மகன் ரேடியோவில் சொன்னாரா, திரும்பிப் பார்த்தாரா என்று கேட்பார்கள். அவரில் 30 வீதம் பிழை என்றால் உங்கள் பணத்திலும் 30 வீதம் போகும். பெற்றோரின் உரிமை பிள்ளையின் உரிமையில்தான் தொங்குகிறது. பாடசாலையில் சேரும்போது 'உரிமை கோரமாட்டேன்' என்று அவர் எதிலாவது கையெழுத்து வைத்திருந்தால், பாடசாலைக்கு எதிராக உங்களையும் அது தடுக்கலாம். அந்தப் படிவத்தை முதலில் எடுப்பியுங்கள். மற்ற விமானக்காரருக்கு எதிரான கோரிக்கையை அது தொடாது.

பணம் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். 1,043 கிலோவுக்கு மேற்படாத தனியார் விமானத்துக்குக் கட்டாயப் பொறுப்புக் காப்புறுதி 1,00,000 டொலர்தான். சிலர் கூடுதலாக எடுத்திருப்பார்கள், அதை உடனே கேட்டறிய வேண்டும். துயரத்துக்கு அங்கே விலையில்லை. பிள்ளையின் வழிகாட்டல், பராமரிப்பு, தோழமை ஆகியவற்றை இழந்ததற்கும், கிடைத்திருக்கக்கூடிய உதவிக்கும்தான் பணம். ஆகவே அவர் அனுப்பிய காசின் வங்கித் துண்டுகள், வட்ஸ்அப் அழைப்புப் பதிவுகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். சகோதரங்களும் பாட்டா பாட்டியும்கூடக் கோரலாம், அவர்களை விட்டுவிடாதீர்கள். பிறப்பத்தாட்சிப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் இன்றே பிரதி எடுக்கப் போங்கள். கடவுச்சீட்டில் உள்ள பெயர் எழுத்து மாறியிருந்தால் சத்தியக் கடதாசியும் வேண்டும். இரண்டு வருடத்தில் உங்களுக்கு மிஞ்சியிருக்கும் எட்டு மாதமும் இதிலேயே கரைந்துவிடும்.

அற்றோணித் தத்துவம் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். மச்சான் நல்லவராகவே இருக்கட்டும். முழு அதிகாரம் எழுதிக் கொடுத்து, பிறகு காப்புறுதிக்காரர் முதலில் நீட்டிய தொகைக்கு உறவினர் கையெழுத்து வைத்துவிட்டார் என்று வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கையெழுத்தை மீட்பது மகா கஷ்டம். அதிகாரத்தை ஆவணங்கள் பெறுவதோடும் சட்டத்தரணியைச் சந்திப்பதோடும் நிறுத்துங்கள். சமரசத்துக்கு உங்களுடைய, மனைவியுடைய எழுத்துச் சம்மதம் வேண்டும் என்றும், பணம் சட்டத்தரணி கட்சிக்காரரின் காசைத் தனியாக வைத்திருக்கும் நம்பிக்கைக் கணக்கினூடாகவே வரவேண்டும் என்றும் அதில் எழுதுங்கள். ஒன்ராறியோவில் அனுமதி பெற்ற, விமான விபத்து வழக்குப் பார்த்த சட்டத்தரணி வேண்டும். வென்றால் மட்டும் கிடைக்கும் தொகையில் ஒரு வீதம் கட்டணம் என்ற ஒப்பந்தம் அங்கே சட்டப்படி செல்லும். அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

வழக்கைத் தாக்கல் செய்துவிட்டு, நியாயமான தொகை வந்தால் சமரசமாகப் போய்விடுங்கள். பிழையில்லை என்ற தீர்ப்புக்காக நீதிமன்ற விசாரணை வரை போனால், நிபுணர் சாட்சிகளுக்குக் கொடுத்தே காசு முடியும். மகன் ஓட்டியதில் உள்ள ஒவ்வொரு விநாடியையும் எதிர்த்தரப்புக் கிழித்துப் பார்க்கும். சமரசப் பத்திரத்தில் 'பொறுப்பை ஏற்கவில்லை' என்று எழுதித்தான் பணம் தருவார்கள். அந்த வரியைப் பார்த்துக் கோபப்பட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.