தாவும் டி.என்.ஏ. படிக்க ஆசைப்படும் பொண்ணுக்கு என்ன வழி?

"ஏனுங்க, நீட்டுல சீட்டு கெடைக்கலைன்னதும் பொண்ணு ஜெனிடிக்ஸ் படிக்கறேன்னு நிக்கறா. தாவற டி.என்.ஏ.ன்னு என்னமோ சொல்றா. இதைப் படிச்சா வேலை எங்கீங்க இருக்குது?"

பெருந்துறை, திருச்செங்கோடு பக்கத்துப் பெற்றோர் கேட்கிற கேள்வி இது. வேலை இருக்கிறது. ஆனால் 'தாவும் டி.என்.ஏ.' என்ற பெயரில் படிப்பும் இல்லை, அந்தப் பெயரில் வேலையும் இல்லை. நோய்க்கான மரபணுக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் தொழிலில் பலர் கோட்டைவிடும் ஒரு பகுதி அது. அதைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு அங்கே மதிப்பு உண்டு.

விஷயம் என்னவென்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். நம் மொத்த டி.என்.ஏ.வுக்கு ஜீனோம் என்று பெயர். அதில் கிட்டத்தட்ட 45 சதவீதம், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் தாவும் துண்டுகளும் அவற்றின் மிச்சங்களும்தான். பெரும்பாலானவை செயலிழந்தவை. அவற்றில் லைன்-1 என்ற வகை முழு நீளத்தில் சுமார் 6,000 டி.என்.ஏ. எழுத்து. 5 லட்சம் பிரதிகள் இருந்தாலும், ஒருவர் உடலில் இன்னும் தாவும் திறனோடு இருப்பவை 80 முதல் 100 வரைதான். அலு என்பது இன்னொரு வகை, 300 எழுத்து, 10 லட்சத்துக்கு மேல் பிரதிகள். தானாகத் தாவாது, லைன்-1 தயாரிக்கும் புரதத்தைக் கடன் வாங்கித் தாவும். இப்படி ஒரு துண்டு போய் முக்கியமான மரபணுவுக்குள் விழுந்தால் நோய். 1988-ல் அமெரிக்க மரபியலர் ஹெய்க் கசாசியன் குழு, ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா-ஏ நோயாளிகள் 240 பேரைப் பரிசோதித்ததில், இரண்டு பேருக்கு ரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணியின் மரபணுவுக்குள் லைன்-1 புதிதாக விழுந்திருந்தது. பெற்றோரிடம் அது இல்லை. (தாவும் மரபணுவை முதலில் பார்த்தவர் பார்பரா மெக்ளின்டாக், பார்த்தது நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகும் மக்காச்சோளத்தில். 1983-ல் நோபல் கொடுத்தார்கள்.)

இதைக் கோட்டைவிடுவது எப்படி? ஆய்வகங்களில் பெரும்பாலும் டி.என்.ஏ.வை 150 எழுத்துத் துண்டுகளாகப் படிக்கிறார்கள். ஒரே புட்டா ஆயிரம் இடத்தில் வரும் புடவையில் ஒரு சிறு துண்டைக் கத்தரித்துக் காட்டி, எந்த இடத்தில் வெட்டியது என்று கேட்டால் நெய்தவராலும் சொல்ல முடியாது. கணினியும் அலு துண்டுக்கு இடம் தெரியாமல் நம்பகத்தன்மை பூஜ்யம் என்று குறிக்கிறது. அடுத்த வடிகட்டலில் அது வெளியே போய்விடுகிறது. எக்ஸோம் பரிசோதனையோ புரதத்துக்கான குறிப்பு உள்ள பகுதிகளை, அதாவது ஜீனோமில் ஒன்றிரண்டு சதவீதத்தைத்தான் படிக்கும். அந்தப் பகுதிகளுக்கு நடுவே கிடக்கும் இன்ட்ரானுக்குள் ஆழமாக விழுந்தது அதில் வரவே வராது. ரிப்போர்ட்டில் "காரணம் கிடைக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மூளை நரம்புகளைச் சிதைக்கும் பேட்டன் நோய் வந்த ஒரு குழந்தைக்கு முழு ஜீனோமையும் படித்த பிறகுதான், இன்ட்ரானில் எஸ்.வி.ஏ. என்ற தாவும் துண்டு விழுந்திருப்பது தெரிந்தது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் டிமதி யூ குழு அந்த ஒரு குழந்தைக்காகவே 22 எழுத்தில் மிலாசென் என்ற மருந்தைத் தயாரித்து 2018-ல் கொடுக்கத் தொடங்கியது. வலிப்பு குறைந்தது, நோய் குணமாகவில்லை.

ஆகவே பொண்ணு கற்க வேண்டியவை இரண்டு: கணினியில் தேடுவது, மேசையில் உறுதி செய்வது.

முதலாவதற்கு 16 ஜி.பி. ரேம் உள்ள லேப்டாப், அதில் லினக்ஸ். பல நாட்டு மக்களின் ஜீனோமைப் படித்த 1000 ஜீனோம்ஸ் திட்டத்தின் தரவு இலவசம். முழு ஜீனோமை இறக்கி ஹார்டு டிஸ்கை நிரப்ப வேண்டாம். ஒரு சிறிய குரோமோசோம் போதும். படித்த துண்டுகளை ஜீனோமில் பொருத்திக் காட்டும் ஐ.ஜி.வி. மென்பொருளில் திறந்து, பாதி பொருந்தி பாதி தொங்கும் துண்டுகளைத் தேடச் சொல்லுங்கள். தொங்கும் பகுதியில் 'ஏ' எழுத்து வரிசையாக வந்து, விழுந்த இடத்தின் இருபுறமும் ஒரே 7 முதல் 20 எழுத்து இரட்டித்திருந்தால், அது தாவி வந்தது. கண்ணால் நாலு இடம் பார்த்த பிறகு தாவிய துண்டுகளைத் தானே தேடும் மெல்ட் மாதிரியான நிரல்களை ஓட்டட்டும். முதலிலேயே நிரலை ஓட்டினால், அது சொல்வதில் எது பொய் என்று தெரியாது.

இரண்டாவது பி.சி.ஆர்., அதாவது டி.என்.ஏ.வில் ஒரு பகுதியை மட்டும் நகலெடுத்துப் பெருக்கும் சோதனை. அந்தப் பகுதியின் இரு முனையிலும் ஒட்டும் சிறு துண்டுகளான பிரைமர்களை அலுவுக்கு வெளியே வைக்க வேண்டும். உள்ளே வைத்தால் லட்சக்கணக்கான இடத்தில் ஒட்டி, துண்டுகளை நீளவாரியாகப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல் முழுக்கப் புகைமூட்டம்தான் வரும். அலு இல்லாத பிரதி 250 எழுத்து என்றால், விழுந்த பிரதி 550-க்கு மேல் வரும். இரண்டும் இருப்பவரிடம் சின்னது வேகமாகப் பெருகிப் பெரிய பட்டையை அமுக்கிவிடும். பெரிய பட்டை தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று எழுதக்கூடாது. நகல் வளரக் கொடுக்கும் நீட்டிப்பு நேரத்தைக் கூட்டி மறுபடி ஓட்ட வேண்டும்.

படிப்பு வழிக்கு வருவோம். பயோ-மேத்ஸ் எடுத்தவருக்குக் கதவுகள் அதிகம். பொறியியல் கலந்தாய்வுத் தரவரிசையே கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று போடுவதுதான், அதில் பி.டெக். பயோடெக் கோவையிலேயே கிடைக்கும். மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர்களின் நுழைவுத் தேர்வில் நான்கு பாடத்துக்கும் தலா 15 கேள்வி, கணக்கு உட்பட. பி.எஸ்சி. சேர்ந்தாலும் குறையில்லை, ஆனால் பி.எஸ்சி.யோடு நிறுத்துவதாக இருந்தால் இந்தத் துறைக்கு வரவே வேண்டாம் என்பது என் கருத்து. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் மனித மரபியலுக்கும் உயிர்த் தகவலியலுக்கும் (பயோஇன்ஃபர்மேடிக்ஸ்) தனித்தனித் துறைகள் உண்டு. வெளியூர் முதுகலை இடங்களுக்கு, பயோடெக்குக்கான தேசிய நுழைவுத் தேர்வான காட்-பி எழுதலாம். அதன் பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால், ஆராய்ச்சியில் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய்.

வேலை பெங்களூரு, ஹைதராபாத், சென்னைப் பரிசோதனைக் கூடங்களில்தான் அதிகம். பொண்ணை வெளியூர் அனுப்ப மனமில்லை என்றால் அதை இப்போதே சொல்லிவிடுங்கள், முதுகலை முடித்த பிறகு சொன்னால் சண்டைதான். ஊர்ப்பக்கமே இருக்க வேண்டுமென்றால் மரபணு ஆலோசகர் வேலையை யோசிக்கலாம். மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்திலேயே கட்டும் குடும்பங்களுக்கு ரிப்போர்ட்டைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும்.

"மூன்றே மாதத்தில் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் சர்டிஃபிகேட்" என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் பணத்தைக் கட்டாதீர்கள். கல்லூரியில் கட்டணம் கட்டும் முன் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஜெல்லை மாணவர்களே ஊற்றி ஓட்டுகிறார்களா, ஆசிரியர் ஓட்டுவதைச் சுற்றி நின்று பார்த்துவிட்டு ரெக்கார்டு எழுதுகிறார்களா என்று இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் தனியாகக் கேளுங்கள்.