வீறாப்புக்கு மறுமொழி எந்தச் சுற்றில்?

கேள்வி: சேர், எனக்கு 20 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன். கொழும்புக் கழகம் ஒன்றுக்காக 5000 மீற்றர் ஓடுகிறேன். எனது சிறந்த நேரம் 15 நிமிடம் 20 செக்கன். அடுத்த மாதம் சுகததாச விளையாட்டரங்கில் மாலை நாலு மணிக்குப் போட்டி. வேறு கழகத்து அண்ணன் ஒருவர், 15:04 ஓடியவர், எல்லாரும் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டிருக்கிறார்: “தம்பிய நூறு மீற்றரால விட்டுட்டுப் போவன், வேணுமெண்டா வந்து பாக்கட்டும்.” போன முறையும் இப்படித்தான் கதைத்தார். அந்தச் சூட்டில் முதல் சுற்றை 67 செக்கனில் ஓடி, மூன்றாவது கிலோமீற்றரில் கால் கழன்றுவிட்டது. கழகப் பொடியன்கள் “நீயும் திருப்பிக் குடு” என்று நிற்கிறார்கள். கொடுக்கவா? இங்கெப்ரிக்ட்சன், கெர் போன்ற பெரிய ஆட்களும் இப்படித்தானே மோதிக்கொள்கிறார்கள்? அது உண்மையான பகையா, படம் காட்டுவதா?

பதில்: தம்பி, அந்தக் குரல் பதிவை முதலில் கணக்காக மாற்றிப் பாருங்கள். 15:20 ஓடுகிறவர் செக்கனுக்கு ஏறத்தாழ 5.4 மீற்றர் போகிறார். நூறு மீற்றர் என்பது அந்த வேகத்தில் 18 செக்கன். நீங்கள் ஒரு செக்கன்கூட முன்னேறாமல் பழைய 15:20 ஐயே ஓடினாலும், சொன்னதைக் காப்பாற்ற அண்ணன் 15:02 ஓடியாக வேண்டும். அவரது சிறந்த நேரத்தையே 2 செக்கனால் முந்த வேண்டும், அதுவும் கொழும்பின் நாலு மணிப் புழுக்கத்தில். நடக்காது என்று சொல்லவில்லை. ஆனால் அவர் கையில் வைத்துக்கொண்டு பேசுகிற சரக்கு அல்ல அது.

அந்த நூறு மீற்றரை அவருக்கு எடுத்துக் கொடுக்கக்கூடியவர் ஒருவர்தான் இருக்கிறார், அது நீங்கள். 15:20 க்கு ஒரு சுற்று 73.6 செக்கன். 67 இல் போனால் ஆறரை செக்கன் அதிகப்படி வேகம். 5000 மீற்றர் என்பதே உடம்பு உள்வாங்கக்கூடிய ஒட்சிசனின் உச்சத்துக்குப் பக்கத்தில் ஓடுகிற ஓட்டம். அதற்கு மேலே போகிற ஒவ்வொரு அடிக்கும் ஒட்சிசன் இல்லாத வழியில்தான் சக்தி வரவேண்டும், அந்த இருப்பு மிகச் சிறியது. இன்னொரு சிக்கல், அட்ரினலின் ஏறியிருக்கும்போது முதல் 300, 400 மீற்றர் எந்த வேகமும் இலேசாகத்தான் தெரியும். கடன் ஏறியது மூன்றாவது கிலோமீற்றரில்தான் தெரியவரும். நம்முடைய காற்றின் ஈரப்பதனில் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது, சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்த்தாது. அதனால் இங்கே அந்தக் கடனுக்கு வட்டியும் கூட.

ஆக, அண்ணனின் பேச்சு குறிவைப்பது உங்கள் முதல் சுற்றை. அவர் இதைத் திட்டமிட்டுச் செய்கிறார் என்றுகூட நான் நினைக்கவில்லை. பெரும்பாலும் இப்படிக் கதைப்பவர்கள் தங்கள் பயத்துக்குச் சத்தம் போட்டுக்கொள்கிறார்கள். 15:04 ஓடியவர் 15:20 ஓடிய பொடியனைப் பெயர் சொல்லாமல் பெயர் சொல்கிறார் என்றால், உங்கள் முன்னேற்றம் அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

இனி பெரிய ஆட்கள். 2023 இல் புடாபெஸ்ட் உலகச் சாம்பியன்ஷிப் 1500 மீற்றரில் ஸ்கொட்லாந்துக்காரர் ஜோஷ் கெர், நோர்வேயின் யாக்கோப் இங்கெப்ரிக்ட்சனை வென்றார். அடுத்த பெப்ரவரியில் கெர் உள்ளரங்கில் இரண்டு மைல் தூரத்தை 8:00.67 இல் ஓடி உலகச் சாதனை நேரம் வைத்தபோது, கண்ணைக் கட்டிவிட்டிருந்தாலும் அந்த ஓட்டத்தில் கெர்ரை வென்றிருப்பேன் என்ற பொருளில் இங்கெப்ரிக்ட்சன் பேசினார். கெர்ரும் வாய் மூடி இருக்கவில்லை. பரிஸ் ஒலிம்பிக்குக்கு முன்னால் உலகமே இந்த இரண்டு பேரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

2024 ஓகஸ்ட் 6 ஆம் திகதி இறுதி ஓட்டம். இங்கெப்ரிக்ட்சன் முன்னால் போய் முதல் 400 மீற்றரை 55 செக்கனுக்குள் இழுத்தார். கெர்ரின் கடைசிச் சுற்று வேகத்துக்கு இடமே வைக்கக்கூடாது என்ற கணக்கு. கெர் அவரைப் பார்த்தபடி ஓடினார். கடைசி நேர்ப்பாதைக்குள் வரும்போது கெர் வெளிப்பக்கத்தால் ஏற, அவரைத் தடுக்க இங்கெப்ரிக்ட்சன் வெளியே நகர்ந்தார். உள்ளே விழுந்த இடைவெளியால் புகுந்தவர் கோல் ஹொக்கர் என்ற 23 வயது அமெரிக்கர். 3:27.65, ஒலிம்பிக் சாதனை. கெர் 3:27.79 இல் வெள்ளி. இன்னொரு அமெரிக்கர் நுகுசே 3:27.80 இல் வெண்கலம். வீறாப்பை ஆரம்பித்து வைத்தவர் நாலாம் இடம்.

நீங்கள் அந்தக் காணொளியை இன்னொரு தடவை பார்க்கும்போது முன்னால் ஓடுகிறவர்களை விட்டுவிட்டு ஹொக்கரை மட்டும் பாருங்கள். உங்கள் போட்டியிலும் குரல் பதிவு போடாத ஒருவர் ஐந்தாவது, ஆறாவது ஆளாக உள்வரியில் ஒட்டிக்கொண்டு வருவார். நீங்களும் அண்ணனும் ஒருவரை ஒருவர் தின்று முடிக்கும்வரை அவர் காத்திருப்பார்.

இது புதிதும் அல்ல. 1964 டோக்கியோ 10,000 மீற்றரில் உலகச் சாதனையாளர் ரொன் கிளார்க் கண் வைத்திருந்த ஆட்களில் பில்லி மில்ஸ் இல்லவே இல்லை. அப்படி ஒருவரைக் கேள்விப்பட்டதே இல்லை என்று அவர் சொன்னதாகத்தான் கதை. மில்ஸ் 28:24.4 இல் தங்கம் கொண்டுபோனார். (நம் ஆட்களுக்கு அந்த ஓட்டம் வேறொரு காரணத்துக்காக நினைவிருக்க வேண்டும். எல்லாரும் முடித்துப் போன பிறகும் மீதிச் சுற்றுகளைத் தனியே ஓடி முடித்த இலங்கையர் கருணானந்த அதே ஓட்டத்தில்தான் இருந்தார். சிரித்த அரங்கம் கடைசியில் எழுந்து கைதட்டியது.)

பகையா, படமா என்று கேட்டீர்கள். இரண்டும் கலந்தது, விகிதம் ஆளுக்கு ஆள் மாறும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அவர்களுக்குப் பேச்சும் தொழிலின் ஒரு பங்கு. கெர் ஒரு சப்பாத்து நிறுவனத்தின் ஆள், இங்கெப்ரிக்ட்சன் இன்னொன்றின் ஆள். இருவரும் மோதுகிறார்கள் என்றால் அரங்கம் நிறையும், தொலைக்காட்சி வரும், அழைப்புப் பணம் ஏறும். உங்கள் குரல் பதிவுக்கு யாரும் ஐந்து சதம் தரப்போவதில்லை. வாயே திறக்காமல் உலகத்தைக் கட்டிப்போட்ட போட்டிகளும் உண்டு. சுசந்திகா பதக்கம் எடுத்த அதே 2000 சிட்னியில் எத்தியோப்பியாவின் ஹெய்லே கெப்ரசெலாசியும் கென்யாவின் போல் டெர்காட்டும் 10,000 மீற்றரில் 25 சுற்று ஓடி, 0.09 செக்கன் வித்தியாசத்தில் முடித்தார்கள். அந்த ஒலிம்பிக்கின் ஆண்கள் 100 மீற்றரில் முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையே 0.12 இருந்தது. கெப்ரசெலாசியும் டெர்காட்டும் ஒருவரை ஒருவர் மதித்தவர்கள், அதனால் கடைசி 50 மீற்றரில் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை.

திருப்பிக் கொடுக்கலாமா என்பதற்கு 1952 ஹெல்சிங்கி மரதனைச் சொல்கிறேன். செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டோபெக் அந்தக் கிழமையிலேயே 5000, 10,000 இரண்டிலும் தங்கம் எடுத்துவிட்டு, வாழ்நாளில் முதல் தடவையாக மரதன் ஓட வந்தவர். பிரித்தானியாவின் ஜிம் பீட்டர்ஸ்தான் அன்றைக்கு உலகின் மிக வேகமான மரதன்காரர். ஓடிக்கொண்டிருக்கும்போதே சாட்டோபெக் பக்கத்தில் போய், இந்த வேகம் சரியா என்று கேட்டார். வேகம் கூடிவிட்டது என்று பீட்டர்ஸுக்குத் தெரியும், ஆனாலும் வெருட்டுவதற்காக “மெதுவாகத்தான் போகிறோம்” என்றார். சாட்டோபெக் அதை அப்படியே எடுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டிப் போய்விட்டார். பீட்டர்ஸ் தசைப்பிடிப்போடு பாதியில் நிறுத்தினார். வீறாப்புக்கு வாயால் மறுமொழி கொடுத்தால், கொடுத்ததை ஓடிக் காட்டுகிற பொறுப்பும் உங்கள் தலையில் வந்துவிடும்.

ஆகவே குழுவில் ஒன்றும் எழுத வேண்டாம். போட்டி முடியும்வரை அந்தக் குழுவின் சத்தத்தை நிறுத்தி வையுங்கள். எந்த நேரத்துக்கு ஓடப்போகிறேன் என்று ஒருவருக்கும் சொல்ல வேண்டாம், கழகத்துக்குள்ளேயும். 1972 மியூனிக்கில் அமெரிக்காவின் ஸ்டீவ் பிரிஃபொன்டெய்ன், 21 வயதுப் பொடியன், 5000 மீற்றரின் கடைசி மைலை நாலு நிமிடத்துக்குள் ஓடுவேன் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார். சொன்னபடி கடைசி மைலில் முன்னால் போனார். பின்லாந்தின் லாசே விரென் பின்னால் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்து தங்கம் எடுத்தார். பிரிஃபொன்டெய்னிடமிருந்து வெண்கலமும் கடைசிச் சில அடிகளில் பறிபோனது.

அண்ணனை நேரில் கண்டால் “நல்லா ஓடுங்க அண்ணா” என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். உண்மையான வெருட்டு நடப்பது ஓட்டக்காரர்களைக் கூட்டி வைக்கும் அழைப்பு அறையில், ஓட்டத்துக்கு முந்திய கடைசி இருபது நிமிடத்தில். அங்கே செய்ய வேலை இல்லாதவன்தான் மற்றவன் கதையைக் கேட்பான். இலக்கத் தாளின் ஊசிகளையும், சப்பாத்து நாடாவின் இரட்டை முடிச்சையும் அந்த நேரத்துக்கென்றே மிச்சம் வையுங்கள். உடம்பைச் சூடாக்குவதையும் அளவோடு செய்யுங்கள். கொழும்பு வெயில் பாதி வேலையை ஏற்கெனவே செய்திருக்கும். நிழலில் பத்துப் பன்னிரண்டு நிமிட மெதுவோட்டம், மூன்று நாலு தடவை 80 மீற்றர் விரைவோட்டம், கழுத்தில் ஈரத் துணி. போதும்.

இனி ஓட்டம். 5000 மீற்றர் தொடங்குவது 200 மீற்றர் கோட்டில். எனவே முடிவுக் கோட்டை முதல் தடவை கடக்கும்போது 200 மீற்றர்தான் ஓடியிருப்பீர்கள், அங்கே கடிகாரம் 37 காட்ட வேண்டும். 33 காட்டினால் அண்ணன் உங்கள் வேகத்தைக் கையில் எடுத்துவிட்டார் என்று அர்த்தம், அந்த வளைவிலேயே இறக்குங்கள். இரண்டாவது தடவை, 600 மீற்றரில், 1:50. மூன்றாவது தடவை சரியாக ஒரு கிலோமீற்றர், 3:04. அண்ணன் அப்போது 20 மீற்றர் முன்னால் இருக்கக்கூடும், இருக்கட்டும்.

அவரோடு ஒட்டி ஓடுகிற நிலைமை வந்தால், தோளோடு தோள் வைத்து இரண்டாவது வரியில் ஓடவே கூடாது. ஒரு வரியின் அகலம் 1.22 மீற்றர், இரண்டு வளைவிலும் வெளியே ஓடினால் சுற்றுக்கு ஏழரை மீற்றர் கூடுதல். நாலு சுற்று வீரம் காட்டினால் 30 மீற்றரைத் தூக்கிக் கொடுத்ததாகிவிடும். நேர் பின்னால், உள்வரியில், அவர் குதிகாலிலிருந்து ஒரு மீற்றரில் இருங்கள்.

மறுமொழி 3000 மீற்றருக்குப் பிறகு. முடிவுக் கோட்டில் 9:12 க்குப் பக்கத்தில் கடந்து, அவர் 15 மீற்றருக்குள் இருந்தால், வேகத்தைக் கூட்டிச் சுற்றுக்கு ஒரு செக்கன் குறையுங்கள். ஒரு செக்கன் என்பது ஐந்து மீற்றருக்கு மேல். வேகமாகத் தொடங்கியவரின் கால்கள் கனக்கத் தொடங்குவது அந்த நாலாவது கிலோமீற்றரில்தான். அங்கே பின்னால் காலடிச் சத்தம் கேட்பதைவிடக் கொடுமையான குரல் பதிவு கிடையாது.

அதுவரை இருக்கிற கிழமைகளில் ஒரு பயிற்சியை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். 3:04 வேகத்தில் ஐந்து தடவை ஒரு கிலோமீற்றர், இடையில் இரண்டு நிமிட மெதுவோட்டம். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு நண்பன் உங்களை நக்கலடித்துக்கொண்டே முதல் 200 மீற்றரை 33 இல் பாயட்டும். நீங்கள் 37 இல் நில்லுங்கள். முதல் நாள் கை கால் பரபரக்கும், அதுதான் வேண்டும்.

அண்ணன்மேல் கோபம் வைக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அவர் அங்கே வருவது உங்களுக்கு இலாபம். கவின் கில்டஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், கழக ஓட்டக்காரர்கள் தங்கள் வழக்கமான எதிராளி களத்தில் இருக்கும் நாளில் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 5 செக்கன் வேகமாக ஓடியிருந்தார்கள். ஐந்து கிலோமீற்றருக்கு 25 செக்கன். அதை அப்படியே உங்கள் நேரத்தில் கழித்துப் பார்க்க வேண்டாம், அவர்கள் உங்களைவிட மெதுவான ஆட்கள். ஆனால் ஐந்து, ஆறு செக்கன் கிடைத்தாலும் நீங்கள் 15:15 க்குள் நிற்பீர்கள்.

உங்கள் கழகப் பொடியன்களுக்கும் வேலை கொடுங்கள், இல்லாவிட்டால் அவர்களே குழுவில் எழுதிவிடுவார்கள். ஒருவர் உங்கள் கைபேசியை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். இன்னொருவர் 200 மீற்றர் கோட்டுப் பக்கம் நின்று ஒவ்வொரு சுற்றுக்கும் நேரத்தை மட்டும் சொல்லட்டும். “போடா, பிடிடா” ஒன்றும் வேண்டாம், எழுபத்து மூன்று, எழுபத்து நாலு என்று இலக்கம் மாத்திரம். 4600 மீற்றரில் மணி அடித்த பிறகு அவர்கள் விரும்பியபடி கத்தலாம்.