எடுத்த கட்டியை என்ன செய்தீர்கள்?

முதுகில் பத்து வருடமாக ஒரு கட்டி. நடுவில் கறுப்புப் புள்ளி. பிதுக்கினால் நாற்றத்தோடு வெள்ளை மாவு வருகிறது. கொழுப்புக் கட்டிதானே? (காரைக்குடி வாசகர்)

பெயர்தான் அப்படி, உள்ளே கொழுப்பு கிடையாது. மேல்தோல் உள்ளே மடங்கி ஒரு பையாகிவிட்டது. அதில் சேர்ந்திருப்பது கெரட்டின், நம் நகத்திலும் முடியிலும் இருக்கிற புரதம். கறுப்புப் புள்ளி அந்தப் பையின் வாய். அதை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். பிதுக்காதீர்கள், பை உள்ளே உடைந்தால் சிவந்து வீங்கிவிடும். சுண்ணாம்பு தடவினால் தோல் வெந்துபோகும். பையை முழுசாக எடுக்காவிட்டால் திரும்ப வரும்.

ஆயாவுக்கும் ஆத்தாவுக்கும் தலையில் உருண்டைக் கட்டிகள். இப்போது எனக்கும். (தேவகோட்டை வாசகி)

முடிவேரின் உறையில் வருபவை இவை, குடும்பத்தில் தொடர்வது சகஜம். பயம் வேண்டாம். வேகமாக வளர்ந்தாலோ புண்ணானாலோ உடனே காட்டுங்கள்.

தோளில் இருந்த கட்டியை நேற்று எடுத்தார்கள். பாட்டிலை லேபில் கொடுக்கச் சொன்னார்கள். சாதாரணக் கட்டிதானே என்று வீட்டில் வைத்திருக்கிறேன். (கானாடுகாத்தான் வாசகர்)

இன்றே கொடுத்துவிடுங்கள். பாட்டிலில் இருப்பது ஃபார்மலின்தானா, அதாவது சதையைக் கெடாமல் வைக்கும் திரவம்தானா என்று முதலில் கேளுங்கள். வெறும் சலைன் என்றால் சதை கெட ஆரம்பித்திருக்கும். கட்டியைப் போல பத்து மடங்கு ஃபார்மலின் இருப்பது நல்லது, ஃபிரிட்ஜ் தேவையில்லை.

லேபில் அதை மெழுகில் பதித்து, 4, 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுக்குச் சீவி, சாயம் ஏற்றுவோம். செல்லின் கரு ஊதாவாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரியும். உங்கள் கட்டி முதல் கேள்வியில் சொன்ன வகை என்றால், ஓலைச்சுவடியைப் பக்கவாட்டில் பார்ப்பது போல கெரட்டின் ஏடு ஏடாக அடுக்கியிருக்கும். பையின் சுவரில் கரும்புள்ளிகள் தூவினாற்போல ஓர் அடுக்கும் இருக்கும். தலைக் கட்டியில் பொதுவாக அந்த அடுக்கு இருக்காது. வெளியிலிருந்து தடவிப் பார்த்து இதையெல்லாம் சொல்ல முடியுமா? சாதாரணக் கட்டி என்று எழுதி வந்த பாட்டிலில் புற்றுநோய் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அரிதுதான், ஆனால் குப்பையில் போட்ட சதையை யாரும் ஸ்லைடில் பார்க்க முடியாது.

அப்பச்சிக்கு வயது 58, வெற்றிலையோடு புகையிலை போடுவார். கழுத்தின் பக்கவாட்டில் வலியில்லாத கட்டி, நீர்க்கட்டி மாதிரி இருக்கிறது. எடுத்துவிடலாமா? (பள்ளத்தூர் வாசகி)

அவசரப்பட்டுக் கத்தி வைக்க விடாதீர்கள். நாற்பது தாண்டியவருக்குக் கழுத்தில் வரும் நீர்க்கட்டி, வாய் அல்லது தொண்டைப் புற்று பரவிய நெறிக்கட்டியாகவும் இருக்கலாம். வலி இல்லை என்பதால் தள்ளிப்போடவும் வேண்டாம். இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். முதலில் வாயையும் தொண்டையையும் முழுசாகப் பார்க்கட்டும். அப்புறம் ஸ்கேன் எடுத்து, ஊசி வைத்து செல்களை உறிஞ்சி டெஸ்டுக்கு அனுப்பட்டும். ரிசல்ட் கையில் வந்த பிறகு ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம்.