ஓடத் தண்ணீர், இறங்க வழி: ஆற்றுப் படகோட்டம் பற்றி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கேள்விகள்

கொக்குவிலிலிருந்து: அண்ணை, பெடியள் பத்துப் பேர் கித்துல்கலைக்கு றாஃப்டிங் போகப்போறம். ஒருத்தருக்கும் பழக்கமில்லை. எந்த மாதம் நல்லது?

மாதத்தைவிட மணிதான் முக்கியம். ஆற்றோட்டம் எவ்வளவு கடினம் என்பதை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். கித்துல்கலையில் பெரும்பாலும் 2, 3. புதியவர்களுக்குத் தோதான அளவு. ஆனால் களனி கங்கையில் அந்த இடத்துக்கு வரும் தண்ணீரின் பெரும்பகுதி மேலேயுள்ள மின்நிலையங்களைக் கடந்துதான் வருகிறது. 35 மெகாவாற் புரோட்லன்ட்ஸ் திட்டத்தின் அணையும் இப்போது அங்கே இருக்கிறது. வெயில் எறிக்கிற நாளில் ஆறு ஏறவும் கூடும், வற்றவும் கூடும். அதனால் இரவு பஸ் ஏற முதலே படகு நடத்துபவருக்கு அழைத்து இரண்டு விஷயம் கேளுங்கள்: நாளைக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எந்த இடத்தில் இறக்கி எந்த இடத்தில் ஏற்றுவீர்கள். நேரம் சொல்லத் தயங்குபவரிடம் காசு கட்ட வேண்டாம். தென்மேற்குப் பருவமழையில் ஆறு மண்ணிறமாகி மரக்கொப்புகள் மிதந்து வந்தால், கட்டிய காசு போனாலும் பரவாயில்லை, இறங்காதீர்கள்.

லைஃப் ஜக்கெற்றை எல்லாப் பட்டியும் இறுக்கிப் போட்ட பிறகு ஒருவர் பின்னால் நின்று தோள்பட்டியில் மேலே இழுக்க வேண்டும். நாடிக்கு மேலே ஏறினால் அது உங்கள் அளவல்ல. செருப்பு வேண்டாம், கட்டுச் சப்பாத்துப் போடுங்கள்.

இணுவிலிலிருந்து: நல்லா நீந்தத் தெரியும். படகிலிருந்து விழுந்தால் எழும்பி நிற்கலாம்தானே?

நிற்கவே கூடாது. முழங்காலளவு தண்ணீரானாலும் ஓட்டம் வேகமாக இருந்தால் பாதம் இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கும், பின்னாலிருந்து தண்ணீர் தள்ளும், உடம்பு முன்பக்கம் மடிந்து முகம் நீருக்குள் போகும். கடலில் நீந்திப் பழகியவர்கள்தான் இதில் கூடுதலாகத் தவறுவார்கள். மல்லாந்து, கால்விரல் நீருக்கு வெளியே தெரிய, ஓட்டம் போகும் பக்கம் காலை நீட்டிப் போங்கள். வேகம் தணிந்த இடத்தில் குப்புறத் திரும்பிக் கரைக்குச் சரிவாக நீந்துங்கள். வீசும் கயிறு வந்தால் கயிற்றைப் பிடியுங்கள், கையில் சுற்றாதீர்கள். விழுந்து கிடக்கும் மரம் எதிரே வந்தால் மட்டும் விதி மாறும்: குப்புறத் திரும்பி, தலை முன்னே இருக்க மரத்தை நோக்கி நீந்தி, மேலே ஏறிவிட வேண்டும். அடியில் போனால் கிளைகள் வடிகட்டி போல ஆளைப் பிடித்துவிடும்.

திருநெல்வேலியிலிருந்து, மாணவி ஒருவர்: அணை கட்டினால் ஆறு செத்துவிடும் என்கிறார்கள், தண்ணீர் விடுவோம் என்று திட்டக்காரர் சொல்கிறார்கள். எதை நம்புவது?

எழுதியிருப்பதை நம்புங்கள், அதுவும் மணிவாரியாக எழுதியிருந்தால். அறிக்கைகளில் வரும் எண் அனேகமாக நாள் சராசரி அல்லது மாதச் சராசரி. ஒரு வினாடிக்கு 10 கன மீற்றர் சராசரி என்றால், நாள் முழுக்கப் பத்தாகவும் இருக்கலாம், 12 மணித்தியாலம் இருபதும் மீதி நேரம் பூச்சியமுமாகவும் இருக்கலாம். இரண்டாவது விதத்தில் மீன் சாகும், கரையில் குளிப்பவர் திடீர் ஏற்றத்தில் அள்ளுப்படுவார், ஆனால் கணக்குச் சரியாக இருக்கும்!

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டால் கருத்துச் சொல்ல 30 நாள். இது 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தில் இருக்கிறது. "ஆற்றைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதினால் கோப்பில் போடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: எப்போதும் ஓட வேண்டிய மிகக் குறைந்த அளவு எவ்வளவு? படகுக்கான நீர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் திறக்கப்படும்? திறக்கும்போது மட்டம் எவ்வளவு வேகமாக ஏறும், எச்சரிக்கைச் சங்கு எங்கே? அளவுகோல் எங்கே நடப்படும், வாசிப்பை யார் வெளியிடுவார்? பக்க எண்ணையும் குறிப்பிடுங்கள்.

அனுமதி கொடுத்தாகிவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அனுமதி நிபந்தனைகளின் பிரதியையும், குறித்த ஒரு மாதத்தின் மணிவாரி நீர்விடுப்புப் பதிவையும் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் ஆணைக்குழு. "எல்லாப் பதிவும்" என்று கேட்டால் மறுப்பது சுலபம்.

தொண்டைமானாற்றிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, நீரேரிக்கு இறங்கிற ஒழுங்கையைத் தகரம் அடிச்சு மூடிப்போட்டினம். பிள்ளையள் கயாக் இறக்க வழியில்லை. படி ஒன்றும் கட்டலாமோ?

முதலில் தகரத்தில் கை வைக்காதீர்கள், ஐயா. பிரதேச சபையின் வீதிப் பதிவேட்டில் அந்த ஒழுங்கை இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு பிரதேச செயலகக் காணிப் பிரிவில் நில அளவை வரைபடம். இரண்டிலும் பாதை இருந்தால் வேலை பாதி முடிந்தது. இல்லாவிட்டால் நெடுங்காலம் பாவித்தவர்களின் வாக்குமூலம் தேவைப்படும். கிராம அலுவலரிடமிருந்து தொடங்குங்கள்.

படி விஷயம் வேறு. அங்கே கட்டுமானத்துக்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டப்படி கரையோர வலயம் தரைப்பக்கம் 300 மீற்றர், கடலோடு தொடுக்கும் நீர்நிலைகளில் அது வாயிலிருந்து 2 கிலோமீற்றர் வரை உள்ளே போகும். உண்மையில் படியைவிடச் சாய்தளம் நல்லது: எட்டு அடி நீளத்துக்கு ஒரு அடி இறக்கம், அகலம் 3 மீற்றர், மேற்பரப்பை மட்டப்பலகை போட்டு வழுவழுப்பாக்காமல் குறுக்குக் கோடு கீறி விடுங்கள். கீழ்முனை கோடை நீர்மட்டத்துக்கும் கீழே போகாவிட்டால் ஆடி மாதம் சேற்றில் புதைவீர்கள். கடற்றொழிலாளர் சங்கத்தோடு பேசாமல் இடம் குறிக்காதீர்கள். வலை காயவிடும் இடத்தில் கட்டினால் அடுத்த தகரத்தை அவர்களே அடிப்பார்கள்.

அளவெட்டியிலிருந்து: மழைக்கு வழுக்கையாறு பாயும்போது அதில் கயாக் விடலாமா?

ஓட்டம் இருக்கும், ஆனால் பாலங்களின் கீழே தலைக்கு இடமிருக்காது, கம்பிவேலிகள் நீருக்குள் மறைந்திருக்கும். மழை விட்டு, மட்டம் இறங்கி, வயல்வெளிப் பக்கம் அகன்று தேங்கும்போது பார்க்கலாம், அதுவும் முதல்நாள் கரையால் நடந்து பார்த்த பிறகு. தடுப்பணைக்குக் கிட்டப் போகவே வேண்டாம். மேலிருந்து பார்க்கச் சிறு மடிப்பாகத் தெரியும். கீழே விழும் தண்ணீர் திரும்ப அணைப் பக்கமே சுழலும், மிதப்பு அங்கி போட்டவரையும் விடாது. திறந்த வான்கதவுக்கு மேற்பக்கமும் அப்படித்தான். கதவின் அடியால் இழுக்கும்.

ஆற்றுக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்றால் ஆவணியிலேயே மதகுகளில் அடைத்த பொலித்தீனை எடுங்கள். மாரி தொடங்கினால் அது வயலுக்குள் வெள்ளமாகும். சுண்ணக்கல்லுக்குள் இறங்கிக் கிணறுகளுக்குப் போக வேண்டிய தண்ணீரும் அதுதான்.

கரவெட்டியிலிருந்து: எலிக்காய்ச்சல் பயம். என்ன செய்வது?

நியாயமான பயம்தான், 2024 டிசம்பரில் இங்கேயே உயிர் போனது. காலில் வெட்டுக்காயம், சேற்றுப்புண் இருந்தால் வெள்ளத் தண்ணீரில் இறங்காதீர்கள். இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் முன்கூட்டியே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள், நீங்களாகக் கடையில் வாங்க வேண்டாம். பிறகு இரண்டு, மூன்று கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் பனடோலோடு வீட்டில் படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், தண்ணீரில் இறங்கினேன் என்று சொல்லுங்கள்.