துஷானின் சட்டம்

அன்புள்ள ஐயா,

செர்பியப் பேரரசர் ஸ்தெஃபான் துஷானின் சட்டநூலைச் சென்ற வாரம் மெச்சி எழுதியிருந்தீர்கள். 'பேரரசனின் கடிதமே சட்டத்துக்கு முரணாக வந்தாலும் நீதிபதி அதை ஏற்க வேண்டாம்' என்று அதில் இருக்கிறதாம். பெற்ற தகப்பனைச் சிறையில் தள்ளி, அவர் சாவுக்கும் காரணமானவன் என்று பேரெடுத்த ஒருவன் இப்படி எழுதினால் அது ஊருக்கு உபதேசம்தானே?

க.

அன்புள்ள க.,

தகப்பன் விஷயத்தில் உங்களோடு வாதாட மாட்டேன். 1331இல் துஷான் படையோடு போய்த் தகப்பனைப் பிடித்து ஸ்வேச்சான் கோட்டையில் அடைத்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் இறந்தார். கழுத்தை நெரித்துவிட்டார்கள் என்பது பழைய பேச்சு. மகன் சொல்லித்தான் நடந்ததா என்பதில்தான் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னும் தகராறு.

சரி, சட்டத்துக்கு வருவோம். நீங்கள் சொல்லும் பிரிவில் ஒரு சின்ன விவரத்தை விட்டுவிட்டீர்கள். பேரரசன் கோபத்தாலோ, பிரியத்தாலோ, யார் மீதாவது இரக்கப்பட்டோ கொடுத்த கடிதம் என்று காரணங்களையும் அது வரிசையாகச் சொல்கிறது. எனக்கு இதில் மகானின் குரல் கேட்கவில்லை. அரண்மனைக்குப் போய் ஒரு கடிதத்தை வாங்கிவந்து நீதிபதி முன் நீட்டுகிறவர்களைப் பார்த்துச் சலித்துப்போன நிர்வாகத்தின் குரல்தான் கேட்கிறது. சிபாரிசுக் கடிதம் நமக்குப் புதிதா என்ன? இந்த விதியே பைசாந்தியச் சட்டத்தை, அதாவது கிரேக்கம் பேசிய கிழக்கு ரோமப் பேரரசின் சட்டத்தைப் பார்த்து எழுதியதுதான். அதனால் துஷானின் மனசாட்சியை இதில் தேடவே வேண்டாம்.

அவனுக்கு இது தேவைப்பட்டது. 1346 ஈஸ்டர் அன்று ஸ்கோப்யேவில் 'செர்பியருக்கும் கிரேக்கருக்கும் பேரரசன்' என்று முடிசூடிக்கொண்டான். அடுத்த இரண்டே ஆண்டில் எபிரஸ், தெசலி என்ற கிரேக்கப் பகுதிகளும் அவன் கைக்கு வந்துவிட்டன. பைசாந்தியர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டிருந்ததால் பிடிப்பது சுலபமாக இருந்தது, ஆள்வதுதான் பாடு. கிரேக்க ஊர்களுக்குப் பழகிப்போன சட்டமும் வழக்கமும் இருந்தன. வாளை மட்டும் காட்டி அவர்களை எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? 1349இல் ஸ்கோப்யேவில் சட்டத்தை அறிவித்தான், 1354இல் செரெஸில் இன்னும் சில பிரிவுகளைச் சேர்த்தான்.

நான் மெச்சியது வேறொரு பிரிவை. மெரோப்பா என்று அழைக்கப்பட்ட குடியானவன் பிரபுவுக்கு வாரத்தில் இரண்டு நாள் உழைக்க வேண்டும், ஆண்டுக்கு ஒரு பெர்பெர் காசு கட்ட வேண்டும். புல்லறுக்க ஒரு நாள், திராட்சைத் தோட்டத்தில் ஒரு நாள் தனிக்கணக்கு. அதற்குமேல் பிரபு முறைகேடாக எதையாவது கேட்டால் அவன் வழக்குப் போடலாம். பிரபு மீது மட்டுமல்ல, பேரரசன் மீதே போடலாம். அப்புறம் வருகிறது பாருங்கள், அதுதான் என்னை உட்காரவைத்த இடம். குடியானவன் ஜெயித்தால், பிரபு குறித்த தவணையில் பணத்தைக் கொடுத்துவிடுவான் என்பதற்கு நீதிபதி உத்தரவாதம் வாங்க வேண்டும். அதன் பிறகு பிரபு அந்தக் குடியானவனுக்கு எந்தத் தீங்கும் செய்யக் கூடாது. வழக்கில் ஜெயித்தவன் வீடு திரும்பிய பிறகு என்ன நடக்கும் என்று தெரிந்த யாரோ இதை எழுதியிருக்கிறார்கள்.

அதே நூலில், குடியானவர்கள் கூட்டம் போட்டால் காதை அறுத்துச் சூடு வைக்கவும் சொல்லியிருக்கிறது. ஒற்றை ஆளாக வந்தால் நீதிமன்றம், கூட்டமாக வந்தால் தண்டனை. ஆகவே நான் மெச்சியதில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

1355 டிசம்பரில் துஷான் இறந்ததும் பிரபுக்கள் ஆளுக்கொரு பக்கம் பிய்த்துக்கொண்டார்கள். மகன் உரோஷால் யாரையும் கட்டுப்படுத்த முடியவில்லை. சட்டத்தின் மூலச்சுவடியும் போய்விட்டது, பின்னால் எழுதிய படிகள்தான் மிச்சம்.

உங்கள் கோபத்துக்குத் துணை உண்டு. அவன் குலத்து அரசர்களில் பலரைச் செர்பியத் திருச்சபை புனிதராக்கியது, பேரரசனான இவனை ஆக்கவில்லை. காரணம் பலவிதமாகச் சொல்கிறார்கள், தகப்பன் கதையும் அதில் உண்டு. அந்தத் தகப்பன் புனிதர். தெச்சானி மடாலயத்தில் அவர் தொடங்கிய கோயிலில்தான் அவரை வைத்திருக்கிறார்கள். அதைக் கட்டி முடித்தவன் துஷான்.